குண்டு விழுகிற சத்தம்

குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. கையை நீட்டினால் அடுப்பை அணைத்துவிடலாம், அவ்வளவு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காதுக்காரர் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். "விசில் வந்தா அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவருடைய மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். மழை எந்த நிமிஷமும் பிடித்துக்கொள்ளும் போல இருந்தது. பாதி காய்ந்தும் பாதி காயாமலும் கிடந்த துணிகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அவள் படி இறங்கும்போதே தீய்ந்த வாடை வந்தது. ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "விசிலே வரலையே" என்றார்.

குக்கர் அப்போதும் சீறிக்கொண்டுதான் இருந்தது.

சோறு தீய்ந்தால் எரிச்சல் வரும், யாருக்கும் பயம் வராது. அவள் பயந்தாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. அந்த மனிதரின் காதை நம்பித்தான் கல் அரைக்கிற மில்லே ஓடிக்கொண்டிருந்தது. அந்த மில்லில் சுற்றுகிற டிரம்முக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்று கிரீஸ் வைக்கிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவள் வீட்டிலேயே வளர்ந்தவன்.

காதுக்காரர் என்பது மில்லில் வைத்த பட்டப்பெயர், சும்மா வைத்துவிடவில்லை. அங்கே வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கிறார்கள். பெயிண்டுக்குப் போகும், பீங்கானுக்குப் போகும், நாம் பல் தேய்க்கிற பசைக்குக்கூடப் போகும். படுத்த வாக்கில் சுற்றுகிற பெரிய இரும்பு டிரம், அதன் உட்சுவர் முழுக்க போல்ட் போட்டு முடுக்கிய தகடுகள். அதற்குள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இரும்புக் குண்டுகள். ஒரு பக்கம் கல் இறங்கும், மறுபக்கம் மாவு வரும். ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் எட்டிப் பார்க்க முடியாது. காதால்தான் பார்க்க வேண்டும்.

டிரம் மெதுவாகச் சுற்றினால் குண்டுகள் கொஞ்ச தூரம் ஏறிவிட்டுச் சோம்பேறித்தனமாக உருண்டு இறங்கிவிடும். கல் தேயும், உடையாது. வேகம் சரியாக இருந்தால் சுவரோடு உயரம் ஏறி, அங்கே பிடி நழுவி, கீழே குவிந்து கிடக்கிற கல்லின் தலையிலேயே வந்து விழும். அதுதான் அரைப்பு. அதற்கு மேல் கூட்டினால் குண்டுகள் கல்லைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் வெறும் தகட்டில் மோதும். இரும்பும் இரும்பும் அடித்துக்கொள்ளும், கல் சௌக்கியமாகப் படுத்திருக்கும். இன்னும் கூட்டினால் குண்டு விழவே விழாது. தண்ணீர் வாளியைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் கொட்டாமல் வாளியோடேயே சுற்றுகிறதே, அந்த மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். மோட்டார் முக்கி முக்கி ஓடும், ஒழுங்கான மாவு ஒரு கை தேறாது. வேகத்தைக் கூட்டினால் வேலை கூடும் என்று நினைக்கிறவனை அந்த டிரம் நன்றாகவே ஏமாற்றும்.

முன்பெல்லாம் ஒரே வேகம்தான். பிறகுதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்தார்கள். அந்தத் திருகு யார் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு பேச்சே எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்று, "அந்தக் கோடித் தகட்டுல ஒரு போல்ட்டு லூசா இருக்கு" என்று அவர் சொல்வார், டிரம்மை நிறுத்தித் திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். அப்பேர்ப்பட்ட காது. மேலே இருக்கிற கண்ணாடி அறை, திருகு, மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டுகிற முள், எல்லாம் அவர் வசம் போனது. மேனேஜரே திருகைத் தொட வேண்டுமென்றால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

அவளுக்கும் அதே மில்லில்தான் வேலை. மாவு வருகிற வாயிலிருந்து அவ்வப்போது ஒரு கிண்ணம் எடுத்து, மெல்லிய சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க வேண்டும். சல்லடையக்கா என்று கூப்பிடுவார்கள். மழை பிடித்ததிலிருந்து சல்லடையில் தங்குவது கூடிக்கொண்டே போனது. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நறநறத்தது.

தம்பி சாயங்காலம் வந்தான். இமைமுடியில்கூட வெள்ளை மாவு. கை கழுவுவதற்கு முன்னாலேயே சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். ஒரு நட்டு, அதற்குள் முறிந்துபோன போல்ட்டின் மிச்சம்.

"என்னடா இது, சாப்பிடற இடத்துல?"

"போல்ட்டுக்கா. டிரம்மு மேலேருந்து தெறிச்சு வந்துச்சு. எனக்குப் பின்னாடி இருந்த கிரீஸ் டப்பாவ ஓட்டை போட்டுருச்சு."

"உனக்குப் பின்னாடின்னா எங்கடா?"

"பின்னாடின்னா பின்னாடிதான். நல்லவேளை, குனிஞ்சிருந்தேன்" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தலையைப் பார்த்தாள், கிரீஸ் டப்பா இருக்கிற உயரத்தை மனசுக்குள் பார்த்தாள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

காதுக்காரர் நட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பழசு. ஆயுசு முடிஞ்சிருக்கும்."

"இந்த மழைக்கு முன்னாடிதான மாமா புதுசா மாத்துனோம்?"

"அப்ப சரக்கு மட்டமா இருக்கும் மாப்ளே. இப்பல்லாம் எவன் ஒழுங்கா போல்ட்டு பண்றான்?"

அவள் தட்டுகளை வைத்தாள். தீய்ந்தது போக மேலாக எடுத்த சோறு, கிழங்கு, ஆளுக்கொரு முட்டை. வைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கும் சல்லடையில நிறைய தங்குச்சுங்க. வேகத்தக் கொஞ்சம் குறைச்சுத்தான் பாருங்களேன்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்கக்கா என்ன சொல்றா?"

"வேகத்தக் குறைக்கணுமாம் மாமா." அவனுக்குக் கட்டைக் குரல். அவருக்கு உடனே கேட்டது.

"குறைக்கிறதா? நல்லா சொன்னா போ. டிரம்மு வயிறு முட்டக் கிடக்கு, சத்தமே மந்தமா வருது. மழைக்கல்லு. ஈரம். குண்டுல அப்பிக்குது. கல்லக் குறைச்சு வேகத்தக் கூட்டினாத்தான் தெளியும். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாக்கறேன்."

அவர் சொன்னதில் பிசகு கிடையாது. டிரம்முக்குள் கல் மிஞ்சிப் போனால் சத்தம் மந்தமாகத்தான் வரும், கல்லைக் குறைக்கத்தான் வேண்டும். மந்தம் டிரம்மில் இருந்திருந்தால் அவர் செய்ததெல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்து அவர் முன்னறைக்குப் போனதும் அவள் தம்பியைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மழை பிடித்துவிட்டது. தகரத்தில் சடசடவென்று கொட்டியது.

"உனக்கு டிரம்மு சத்தம் எப்படிடா இருக்கு? மந்தமாவா இருக்கு?"

"மந்தமா? காதுல பஞ்சு வச்சும் பல்லு கூசுதுக்கா. இரும்பு இரும்பா அடிக்குது. மூட்டை தைக்கிறவங்கள்லாம் தலவலின்னு சொல்றாங்க."

"அதை அவர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"அவர்கிட்டப் போயி நான் சத்தத்தப் பத்திப் பேசறதா? எனக்கு என்ன கொழுப்பா? ஏதோ காரணமாத்தான் கூட்டி வச்சிருக்காருன்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்கோம். மேனேஜரும் அப்படித்தான் நினைக்கிறாரு."

"அவருக்குக் கேக்கலடா."

"உன் பேச்சுதானே? கல்யாணமான ஆம்பளை எவனுக்கும் அது கேக்காதுக்கா, இது ஒரு புது வியாதியா?"

"குக்கர் விசில் கேக்கல. பக்கத்துலயே உக்காந்திருந்தாரு."

அவன் சிரிப்பு நின்றது. அவள் அவனை வாசற்படியில் நிறுத்திவிட்டு முன்னறைக்குள் போனாள். காதுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க" என்றாள். பதில் இல்லை. கொஞ்சம் கிட்டப் போய் "ஏங்க, உங்களத்தான்" என்றாள். அவர் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மில்லில் கூப்பிடுகிற குரலில், தொண்டை கமற, இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. வாசற்படியில் நின்றவன் சாதாரணமாக "மாமா" என்றான். "என்ன மாப்ளே?" என்று திரும்பினார். திரும்பியவர் தனக்குப் பின்னால் அவ்வளவு பக்கத்தில் பெண்டாட்டி நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார்.

இனிமேல் மூடி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அவள் அவருக்கு நேராக நின்று, வாயைத் திறந்து திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "உங்களுக்குக் காது சரியில்லைங்க. கீச்சுன்னு, கணீர்னு வர்ற சத்தம் எதுவும் கேக்கல. அதனாலதான் மந்தமா இருக்குன்னு வேகத்தக் கூட்டிட்டே போறீங்க."

"எனக்கா?"

"போல்ட்டு முறியுது. இவன் அங்கதான நிக்கிறான்."

"எனக்கா காது கேக்கல? வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பேசிட்டு, கேக்கலன்னா நான் என்ன பண்றது? இந்த மில்லு எத்தனை பேரப் பாத்துருக்கு, எவனாவது என் காதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா?" குரல் உச்சத்துக்குப் போயிற்று. முகம் சிவந்துவிட்டது. ஆனால் கண் அவள் உதட்டை விட்டு நகரவே இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "நாளைக்கு ஒரு நாள் பொறுக்கா. நானே பக்குவமா பேசறேன். மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா உடனே வாட்ச்மேன் மாதிரி வாசல் கேட்டுல நாற்காலி போட்டு உக்கார வச்சிடுவாங்க. மாமா அப்புறம் மனுஷனா இருக்க மாட்டாரு."

"நாளைக்கு நீ அங்க நிக்காத. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"பேரிங் சூடு ஏறுதுக்கா. கிரீஸ் வைக்கலன்னா அது போயிடும். நான் நிக்கலன்னா வேற ஒருத்தன் நிக்கப் போறான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

சரி என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டாளே தவிர மனசு ஒப்பவில்லை. படுத்தால் கிரீஸ் டப்பாவின் ஓட்டைதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாளும் மழை. மில்லின் முற்றம் முழுக்க வெள்ளைச் சேறு, கால் வைத்தால் வழுக்கியது. கொட்டகைக்குள் காலடி வைத்ததுமே சத்தம் அவள் நெஞ்சில் வந்து அடித்தது. கணீர் கணீரென்று, பாத்திரக் கடையைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டே இருப்பது போல. டிரம்மின் வயிற்றில் ஒரு இடத்தில் போல்ட் ஓட்டையிலிருந்து மாவு நூலாக ஒழுகியது. சுற்றுகிறபோது அது வெள்ளை வளையமாகத் தெரிந்தது. மேலே கண்ணாடி அறையில் காதுக்காரர் தலையைச் சாய்த்து நின்றார். எப்போதும் நிற்கிற மாதிரிதான், இடது காதை டிரம்முக்குக் கொடுத்துக்கொண்டு. முகத்தில் திருப்தி இல்லை.

அவள் சல்லடை மேசைக்குப் போனாள். முதல் கிண்ணத்தைக் கழுவினாள். பாதிக்கு மேல் சல்லடையிலேயே தங்கிவிட்டது. கைகள் வேலையைச் செய்தன, கண் தம்பியின் மேலேயே இருந்தது. அவன் பேரிங் பக்கம் மண்டி போட்டுப் புறங்கையால் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தக் கிண்ணம் முடியட்டும், மேனேஜர்கிட்டப் போயிடலாம்" என்று நினைத்தாள். கிண்ணம் முடிந்தது. "மத்தியானம் வரைக்கும் பாப்போம்" என்று நினைத்தாள். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கால் எழும்புகிறதா என்ன? தம்பி எழுந்து நிற்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போதுதான் சத்தம் குறைய ஆரம்பித்தது.

முதலில் கணீரென்ற அடிகள் இடைவெளி விட்டு விழுந்தன. பிறகு ஒன்றிரண்டு. பிறகு அதுவும் இல்லை. ஸ்ஸ்ஸென்று ஒரு இரைச்சல் மட்டும், வேகமாக ஓடுகிற ஆற்றின் பக்கத்தில் நிற்கிற மாதிரி. மூட்டை தைக்கிற பெண்கள் ஊசியை நிறுத்தி நிமிர்ந்தார்கள். "அப்பாடா, காதுக்காரர் சரி பண்ணிட்டாரு" என்று ஒருத்தி காதிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

சல்லடையக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் சரி பண்ணவில்லை. திருகை இன்னும் கூட்டிவிட்டார். உள்ளே இருக்கிற அத்தனை குண்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. அவருக்கு இப்போது சுத்தமாக ஒன்றுமே கேட்டிருக்காது. கேட்கவில்லையென்றால் என்ன செய்வார்? ஏதோ தப்பு என்று பயந்து திருகைச் சட்டென்று இறக்குவார். இறக்கினால் அந்த இரும்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பிடி விட்டு, ஏற்கெனவே போல்ட் போன தகட்டில் விழும். தம்பி அதற்கு நேராக நிற்கிறான்.

டிரம்மை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அவள் மேசைக்குப் பக்கத்துத் தூணிலேயே இருந்தது. கையை அதற்கு நீட்டினவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். நிறுத்தினாலும் விழும். எப்படி நிறுத்தினாலும் விழும். அவனை அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

ஓடினாள். சேற்றுக்கால் வழுக்கியது, மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "டேய், வாடா இந்தப் பக்கம்" என்று கத்தினாள். அவன் காதில் பஞ்சு. கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். மேலே பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் காதுக்காரர் இரண்டு காதையும் உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு கை திருகுக்குப் போவது தெரிந்தது.

தம்பியின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தாள். "என்னக்கா, விடு, விடுங்கறேன்ல" என்று அவன் திமிறினான். விடவில்லை. சட்டை கிழிந்தது, அதோடு சேர்த்து இழுத்தாள். இரண்டு பேரும் மாவு மூட்டைகளின் மேல் போய் விழுந்தார்கள்.

இடி மாதிரி ஒரு சத்தம். தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. டிரம்மின் வயிற்றிலிருந்து ஏதோ பறந்து, கிரீஸ் டப்பாவைத் தாண்டி, தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு மழைக்குள் போயிற்று. கொட்டகை முழுக்க வெள்ளையாகப் புகைந்தது. யாரோ அழுதார்கள். அவள் எழுந்து, கண்ணைத் திறக்க முடியாமல் தூண் தூணாகத் தடவிக்கொண்டே போய், பொத்தானைக் கண்டுபிடித்து அடித்தாள். டிரம் முன்னும் பின்னும் ஆடி, முனகி, ஒரு வழியாக நின்றது. திரும்பி வந்து தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள், கழுத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள். எங்கேயும் ரத்தம் இல்லை.

"நான் நின்ன இடம்க்கா" என்றான். தகரத்தில் இருந்த கிழிசலைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அதையே சொன்னான்.

மேனேஜர் குடையும் இல்லாமல் நனைந்துகொண்டே ஓடி வந்தார். கண்ணாடி அறையிலிருந்து காதுக்காரரும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கி வந்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு பயத்தை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"என்ன ஆச்சு? யார் நிறுத்துனது? யாருக்காவது அடியா?" என்று மேனேஜர் கேட்டார்.

"யாருக்கும் அடி இல்ல. நான்தான் நிறுத்தினேன்" என்றாள் அவள். பிறகு, இனி யோசித்தால் வாய் வராது என்று தெரிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இவருக்குக் காது கேக்கலைங்க. ரொம்ப நாளா கேக்கல."

மூட்டை தைக்கிற பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். லோடு ஏற்றுகிறவர்கள் பார்த்தார்கள். மேனேஜர் பார்த்தார். காதுக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் அவளிடம் வந்தார்.

"என்ன சொன்ன?" என்றார். "எல்லாரும் என்னைப் பாக்கறாங்களே, என்ன சொன்ன நீ?"

ஊர் அறியச் சொன்னதைக் கட்டினவரிடம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை சொன்னதே பெரிது. அவள் கிட்டப் போய், அவர் கண்ணைப் பார்த்து, உதடு தெரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்குக் காது கேக்கலன்னு சொன்னேன்."

அவர் கோபப்படவில்லை. "மாப்ளே எங்க நின்னான்?" என்று கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் கிரீஸ் டப்பாவைப் பார்த்தார், தகரத்தின் கிழிசலைப் பார்த்தார், மூட்டை மேல் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிரம்ம நிறுத்திட்டல்ல?" என்றார்.

"நிறுத்தியாச்சுங்க. நின்னுடுச்சு."

அவர் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையாமல்தான் நின்றது. மழைச் சத்தத்தைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

"எனக்கு ஓடிட்டேதான் இருக்கு" என்றார். "வீட்டுலயும் ஓடுது. லீவு அன்னிக்கும் ஓடுது. தூங்கி முழிச்சாலும் ஓடுது. பயந்துகிட்டு யார்கிட்டயும் சொல்லல." அவளுடைய கையை எடுத்துத் தன் காதின் மேல் வைத்து அழுத்தினார். "அதை நிறுத்தின மாதிரி இதையும் நிறுத்திடேன்."